காரீய கார்பனேட் எத்தனை டிகிரியில் சிதைகிறது, ஏன் அவ்வளவு எளிதாகச் சிதைகிறது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். காரீய கார்பனேட்டைச் சூடாக்கினால் காரீய ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். அது 315 டிகிரி செல்சியஸில் சிதையும் என்கிறது ஒரு நூல்; இன்னொரு நூல் 400 டிகிரி என்கிறது. மிஞ்சும் பொடி மஞ்சள் என்று பாடத்தில் இருக்கிறது, நீங்கள் பார்த்த செய்முறையில் அது செங்காவி நிறத்தில் இருந்தது. சோடியம் கார்பனேட்டோ எவ்வளவு சுட்டாலும் அசைவதில்லை. இவற்றில் எது சரி, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு கார்பனேட் சிதையும் வெப்பநிலை, உருகுநிலையைப் போல அந்தப் பொருளோடு ஒட்டிப் பிறந்த ஓர் எண்ணா? இருபது ஆண்டுகளுக்கு மேலாக உப்புகளைச் சூடாக்கி, அவை எடை இழப்பதை அளப்பதே என் வேலையாக இருந்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: அப்படி ஓர் எண் கிடையாது. நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் அவையவை அளக்கப்பட்ட சூழலில் சரியானவையே.

சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு மூலக்கூறு காரீய கார்பனேட், ஒரு மூலக்கூறு காரீய ஆக்சைடையும் ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. ஒரு மோல் காரீய கார்பனேட்டின் நிறை 267.2 கிராம். அதில் 44.0 கிராம் வாயுவாகப் போய்விடும், 223.2 கிராம் ஆக்சைடாகத் தங்கும். தூய பொருளாக இருந்து, சிதைவு முழுமையாக நடந்திருந்தால், எடையிழப்பு 16.5 சதவீதம். 2.67 கிராம் எடுத்தால் 2.23 கிராம் மிஞ்சும், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 245 மில்லிலிட்டர் வாயு வெளியேறும். இந்தக் கணக்கு எந்த ஆய்வகத்திலும் மாறாது. மாறுவதெல்லாம் எப்போது, எந்த வேகத்தில், எத்தனை படிகளில் என்பவைதான்.

சோதனைக் குழாயில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். உலர்ந்த குழாயின் அடியில் அரைக் கரண்டி வெள்ளைப் பொடி. சுடரை மெதுவாகக் காட்டினால் முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். சிறிது நேரத்தில் சுடர் படும் ஓரத்தில் வெண்மை மங்கிப் பழுப்பேறத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் பொடியின் மேற்பரப்பு நடுங்குவது தெரியும். உள்ளே பிறக்கும் வாயு துகள்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதால், கொதிக்கும் கூழின் மேல்பரப்பைப் போல அங்கங்கே சிறு குழிகள் விழுந்து மூடும். நிறம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செங்காவிக்குப் போகும். குழாயின் வாயிலிருந்து ஒரு சொட்டுக்குழாயால் வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போல் கலங்கும். சுடரை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஆற ஆறச் செந்நிறம் வடிந்து, கடைசியில் எலுமிச்சைத் தோல் போன்ற மஞ்சள் நிற்கும். செய்முறையில் நீங்கள் பார்த்தது சூடான பொடி. பாடம் சொன்னது ஆறிய பொடி. நிறம் பற்றிய உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது வெப்பநிலை. மூடிய பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால், ஒவ்வொரு வெப்பநிலையிலும் அதன் மேல் ஒரு குறிப்பிட்ட நீராவி அழுத்தம் இருக்கும் அல்லவா? கார்பனேட்டும் அப்படித்தான். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அதற்கென்று ஒரு கார்பன் டை ஆக்சைடு சமநிலை அழுத்தம் உண்டு. சுற்றிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால் கார்பனேட் சிதையும். கூடுதலாக இருந்தால் ஆக்சைடு வாயுவை மறுபடி வாங்கிக் கார்பனேட்டாகும். சுண்ணாம்புக்கல் இதற்கு மிக நன்றாக அளக்கப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் சமநிலை அழுத்தம் 700 டிகிரியில் ஏறத்தாழ 0.03 வளிமண்டலம், 800 டிகிரியில் 0.22, 900 டிகிரியை நெருங்கும்போது 1 வளிமண்டலம். சாதாரணக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான். ஆகவே புதுக் காற்று ஓடிக்கொண்டே இருந்தால் 550 டிகிரி வாக்கிலேயே சுண்ணாம்புக்கல் சிதையலாம் என்று கணக்கு அனுமதிக்கிறது. வாயு தேங்கி நிற்கும் இடத்தில் 900 டிகிரி தேவைப்படும். ஒரே கல்தான், ஆனால் இடைவெளி 350 டிகிரி. சுண்ணாம்புக் காளவாயில் காற்றோட்டத்துக்கு வழிவிட்டுக் கல் அடுக்குவதன் பயன் எரிபொருள் எரிவதோடு முடிவதில்லை. பிறக்கும் வாயுவை உடனுக்குடன் இழுத்துச் செல்லவும் அந்த ஓட்டம்தான் உதவுகிறது.

காரீய கார்பனேட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மோல் சிதைய வேண்டிய வெப்பம் சுமார் 87 கிலோஜூல். என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) உயர்வு ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு, ஏறத்தாழ 149 ஜூல். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 580 கெல்வினுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 310 டிகிரி செல்சியஸ் வாக்கில் வருகிறது. சமநிலை அழுத்தம் 1 வளிமண்டலத்தை எட்டும் இடம் அது. கையேடுகளில் காணும் 315 இதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். ஆனால் இது தோராயக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது: வெப்பம் ஏறும்போது இந்த இரு மதிப்புகளும் சிறிது மாறும், அதை இங்கே விட்டிருக்கிறேன். தவிர, சிதைவு நேராக ஆக்சைடுக்குப் போகிறது என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடைமுறையில், சூடாக்கிக்கொண்டே எடையை அளந்து வளைகோடாக வரையும் ஒரு கருவியில் பார்க்கும்போது இன்னும் பல சேர்ந்துகொள்கின்றன. சில மில்லிகிராம் பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ ஓடவிட்டால், எடை 250 டிகிரி வாக்கில் இறங்கத் தொடங்கி 400 டிகிரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதே பொடியை ஆழமான மூசையில் (சுடும் கிண்ணத்தில்) குவித்து மூடியும் போட்டால் வளைகோடு முழுவதுமே வலப்பக்கம் நகர்ந்துவிடும். பிறந்த வாயு பொடிக்குள்ளேயே தேங்கித் தனக்குத் தானே தடையாகிறது. நைட்ரஜனுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடையே ஓடவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். நிமிடத்துக்கு 20 டிகிரி வேகத்தில் சூடாக்கினால் 2 டிகிரி வேகத்தில் சூடாக்குவதைவிட உயர்ந்த எண் கிடைக்கும். பொடியின் உள்பக்கம் உலையின் வெப்பத்தை எட்டப் பிந்துவதும், வினைக்கு நேரம் பிடிப்பதும் அதற்குக் காரணங்கள். ஒரே புட்டியிலிருந்து காலையில் எடுத்ததற்கும் மாலையில் எடுத்ததற்கும் பல பத்து டிகிரி வித்தியாசம் வந்து, ஒரு மாணவர் கருவி பழுதாகிவிட்டது என்றே முடிவுசெய்து என்னிடம் வந்தார். காலையில் மூடி இல்லை, மாலையில் மூடி இருந்தது. வேறு எதுவும் மாறவில்லை. அதனால்தான் சிதைவு வெப்பநிலையைத் தனி எண்ணாக எழுதுவதை நான் ஏற்பதில்லை. எவ்வளவு பொடி, என்ன வாயு, எந்த வேகம், மூடியா திறந்தா என்பதும் உடன் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

படிகள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரீயத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். சுண்ணாம்புக்கல் ஒரே தாவலில் ஆக்சைடாகிவிடும். காரீய கார்பனேட் அப்படிச் செய்வதில்லை. பாதி வாயுவை விட்டபின், ஒரு பங்கு ஆக்சைடும் ஒரு பங்கு கார்பனேட்டும் சேர்ந்த ஓர் இடைப்பொருளாக நிற்கிறது. பிறகு இரண்டு பங்கு ஆக்சைடும் ஒரு பங்கு கார்பனேட்டும் கொண்ட இன்னோர் இடைப்பொருள். கடைசியில்தான் முழு ஆக்சைடு. எடையிழப்பில் பார்த்தால் 8.2 சதவீதம், 11.0 சதவீதம், 16.5 சதவீதம் என்று மூன்று இடங்கள். கார்பன் டை ஆக்சைடு ஓட்டத்தில் இந்தப் படிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தெளிவாகத் தெரியும்; காற்றிலோ நைட்ரஜனிலோ ஒன்றோடொன்று கலந்து, சரிவில் ஒரு சிறு முழங்கை மாதிரி மட்டும் தென்படும். உங்கள் இரண்டு நூல்களில் ஒன்று முதல் படியையும் மற்றது கடைசிப் படியையும் குறித்திருந்தால்கூட இப்படி இரு எண்கள் கிடைக்கும்.

அதற்கும் முன்னால், புட்டியில் இருப்பது காரீய கார்பனேட்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரீய நைட்ரேட் கரைசலில் சோடியம் கார்பனேட்டை ஊற்றினால் விழும் வீழ்படிவு பெரும்பாலும் காரக் காரீய கார்பனேட்: இரண்டு பங்கு கார்பனேட்டோடு ஒரு பங்கு ஹைட்ராக்சைடு. பழங்காலத்திலிருந்து ஓவிய வண்ணமாகப் பயன்பட்ட வெள்ளை ஈயம் இதுவே. தமிழில் இங்கே ஒரு சொல் தடுக்கிவிடும்: ‘வெள்ளீயம்’ என்றால் டின் என்ற வேறு உலோகம், ‘காரீயம்’தான் நாம் பேசும் லெட், வெள்ளை ஈயம் என்ற வண்ணமோ காரீயத்தின் சேர்மம். கார ஹைட்ராக்சைடு கலக்காத கார்பனேட் வேண்டுமென்றால் சோடியம் கார்பனேட்டுக்குப் பதில் சோடியம் பைகார்பனேட் கரைசலைக் குளிர்ந்த நிலையில் சேர்க்க வேண்டும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது, இரண்டும் வெள்ளைப் பொடி. ஆனால் சூடாக்கினால் காட்டிக்கொடுத்துவிடும். கார வகையிலிருந்து நீரும் வருவதால் குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் நுண்துளிகள் பூக்கும், எடையிழப்பும் 16.5 அல்ல, 13.7 சதவீதம். தராசில் இந்த 2.8 சதவீத வித்தியாசம் நன்றாகவே தெரியும். எடை சரியாக வரவில்லை, எங்கோ பிழை செய்துவிட்டேன் என்று வருந்திய பல மாணவர்கள், உண்மையில் வேறொரு பொருளை மிகச் சரியாக எடைபோட்டிருந்தார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஏன் இவ்வளவு எளிதாகச் சிதைகிறது? பாடநூல்கள் தரும் விளக்கம் உலோக அயனியின் அளவு. சிறிய அயனி தன் மின்சுமையை ஒரு சிறு இடத்தில் செறித்து வைத்திருப்பதால் கார்பனேட் அயனியின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கிறது, அதனால் அது சீக்கிரம் உடைகிறது என்பார்கள். இன்னொரு வகையாகவும் சொல்லலாம், எனக்கு இது கூடுதல் திருப்தி தருகிறது: பெரிய கார்பனேட் அயனி போய்ச் சிறிய ஆக்சைடு அயனி வரும்போது படிகம் நெருங்கி இறுகுகிறது, உலோக அயனி சிறிதாக இருந்தால் அந்த இறுக்கத்தால் கிடைக்கும் ஆற்றல் அதிகம், சிதைவுக்கான செலவை அது ஈடுகட்டுகிறது. எப்படிச் சொன்னாலும் மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் என்ற வரிசைக்கு இது அழகாகப் பொருந்துகிறது. அயனியின் ஆரம் 72, 100, 118, 135 பிக்கோமீட்டர் என ஏறுகிறது. சிதைவுக்கு வேண்டிய வெப்பமும் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 101, 178, 235, 269 கிலோஜூல் என ஏறுகிறது.

இந்த விதியைக் காரீயத்திடம் கொண்டுபோனால் அது நின்றுவிடுகிறது. காரீய அயனியின் ஆரம் 119 பிக்கோமீட்டர். ஸ்ட்ரான்ஷியத்துக்கு 118. இரண்டுக்கும் ஒரே அளவு மின்சுமை. இன்னும் வியப்பு, இரண்டு கார்பனேட்டுகளின் படிக அமைப்பும் ஒன்றே; செருசைட் என்ற காரீயக் கனிமமும் ஸ்ட்ரான்ஷியனைட் என்ற ஸ்ட்ரான்ஷியக் கனிமமும் அரகோனைட் என்ற படிக அமைப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அளவு மட்டுமே தீர்மானிப்பதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் சிதைந்திருக்க வேண்டும். ஆனால் காரீயத்துக்கு 300-ஐ ஒட்டிய எண், ஸ்ட்ரான்ஷியத்துக்கு 1,100 டிகிரிக்கும் மேல். இதை ஒரு விதிவிலக்கு என்று ஓரமாக ஒதுக்கவும் முடியாது. காட்மியத்தையும் கால்சியத்தையும் பாருங்கள்: 95-ம் 100-ம் பிக்கோமீட்டர், இரண்டு கார்பனேட்டுகளும் கால்சைட் அமைப்பு, ஆனால் காட்மியத்துக்கு 99 கிலோஜூல் போதும், கால்சியத்துக்கு 178 வேண்டும். அளவு விதி ஒரே குடும்பத்துக்குள் மேலும் கீழும் நடக்கும்போது மட்டும் நம்பத்தக்கது. குடும்பம் விட்டுக் குடும்பம் தாவும்போது அதை நம்பக் கூடாது.

தாவும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த உலோக ஆக்சைடு எவ்வளவு வலிய காரம்? கார்பன் டை ஆக்சைடு ஓர் அமில ஆக்சைடு. கார்பனேட் என்பது அமில ஆக்சைடும் கார ஆக்சைடும் சேர்ந்து கட்டிய வீடு. ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு வலிய காரம். அதிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை நிறைய வைத்துக்கொண்டு, அமிலம் எதிர்ப்பட்டால் விடாமல் பற்றிக்கொள்ளும். காரீய ஆக்சைடு அப்படியன்று. அது அமிலத்திலும் கரையும், வலிய காரத்திலும் கரையும் ஈரியல்புடையது. காரீயம் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களில் ஒரு பங்கைத் தன்னிடம் இழுத்துப் பகிர்ந்துகொள்கிறது. அதன் வெளிக்கூட்டில் மிஞ்சியிருக்கும் தனி இணை எலக்ட்ரான்களும் இதில் சேர்கின்றன: காரீய ஆக்சைடில் அந்த இணை ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க, காரீயம் நான்கு ஆக்சிஜன்களை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு கூம்பின் உச்சிபோல் அமர்கிறது, படிகம் அடுக்கடுக்காக அமைகிறது. கார்பனேட்டில் இருக்கும்போது ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைக் கார்பன் இறுக்கிப் பிடித்திருப்பதால் இந்தப் பகிர்வுக்கு அவ்வளவு வாய்ப்பில்லை. கார்பன் வாயுவாகப் போய்விட்டால் காரீயத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே புதிய பிணைப்பு உண்டாக வழி திறக்கிறது. போகிறவர்களுக்கும் நட்டமில்லை, இருப்பவர்களுக்கும் ஆதாயம். அதனால்தான் 87 கிலோஜூலில் காரியம் முடிந்துவிடுகிறது.

சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் இதே கேள்வியின் மறுமுனை. அவற்றின் ஆக்சைடுகள் மிக வலிய காரங்கள், அயனிகளின் மின்சுமையும் ஒன்றே ஒன்று. சோடியம் கார்பனேட் 850 டிகிரிக்குச் சற்று மேலே உருகிவிடும். உருகிய பிறகும் சாதாரண ஆய்வகச் சுடரில் குறிப்பிடத்தக்க அளவு சிதையாது. ‘சோடியம் கார்பனேட் சிதையவே சிதையாது’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். நாம் வழக்கமாக எட்டும் வெப்பத்தில் அதன் சமநிலை அழுத்தம் மிகமிகக் குறைவு என்பதே சரியான கூற்று.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் கூடாததையும் பிரித்துக் காட்டுகிறேன். தொடக்கமும் முடிவும், அவற்றுக்கிடையே உள்ள ஆற்றல் வித்தியாசமும் அளந்தறிந்தவை. ஆக்சைடின் காரத்தன்மை குறைந்தால் கார்பனேட் எளிதில் சிதையும் என்பது பல உலோகங்களில் சோதித்த போக்கு. ஆனால் ஆற்றல் கணக்கு, வினை நடக்க அனுமதி உண்டா என்று மட்டும் சொல்லும். நடக்கும் வேகத்தைச் சொல்லாது. மெக்னீசியம் கார்பனேட் இதற்குச் சாட்சி. சமநிலைக் கணக்கு அதற்கும் 300 டிகிரியை ஒட்டிய எண்ணைத்தான் தருகிறது. கருவியிலோ மேக்னசைட் கனிமம் 500 டிகிரி தாண்டித்தான் அசைகிறது. அனுமதி கிடைத்தும் அணுக்கள் இடம்மாறிப் புதுப் படிகமாக அடுக்கிக்கொள்ளத் தயங்குகின்றன. காரீயத்தில் அந்தத் தயக்கம் குறைவு. ஆய்வுக் கட்டுரைகளில் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) என்று தரப்படும் மதிப்புகளையும் இதே எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். துகளின் அளவும் வாயுச் சூழலும் மாறினால் அந்த மதிப்பும் மாறும். அது பொருளின் குணத்தையும் செய்முறையின் குணத்தையும் சேர்த்தே அளக்கிறது.

நிறத்துக்குத் திரும்புகிறேன். காரீய ஆக்சைடுக்கு இரண்டு படிக வடிவங்கள் உண்டு: சிவப்பு லித்தார்ஜ், மஞ்சள் மாசிகாட். தமிழ் மருத்துவ நூல்களில் வரும் மிருதாரசிங்கி இந்த ஆக்சைடுதான். ஏறத்தாழ 490 டிகிரிக்குக் கீழே சிவப்பு வடிவமே நிலையானது, அதற்கு மேலே மஞ்சள். அப்படியானால் ஆறிய பொடி சிவப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மஞ்சள் வடிவம் ஒருமுறை உருவாகிவிட்டால் ஆறும்போது சிவப்புக்குத் திரும்ப மிகவும் மெத்தனம் காட்டும், அறை வெப்பநிலையில் ஆண்டுக்கணக்கில் மஞ்சளாகவே இருந்துவிடும். சூட்டில் தோன்றி ஆறியதும் மறையும் செந்நிறம் வேறு: வெப்பம் ஏறும்போது ஆக்சைடு நீல ஒளியோடு பச்சையிலும் ஒரு பகுதியை உறிஞ்சத் தொடங்குவதால் நம் கண்ணுக்குச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகவும் ஆறினால் வெள்ளையாகவும் தெரிவது இதைப் போன்றதே.

ஆறிய பிறகும் பொடி பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பாக இருந்தால், இன்னொரு வாய்ப்பையும் நினைக்க வேண்டும். காற்றில் 450 முதல் 500 டிகிரியில் நெடுநேரம் வைத்தால் காரீய ஆக்சைடு இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு சிவப்பு ஈயமாகும். 550 டிகிரியைத் தாண்டினால் அந்த ஆக்சிஜனை மறுபடி விட்டுவிடும். சோதிப்பது எளிது. சிறிதளவு பொடியில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை விடுங்கள். முழுவதும் நிறமின்றிக் கரைந்தால் அது வெறும் காரீய ஆக்சைடு. சாக்லேட் நிறத்தில் கரையாத பொடி அடியில் தங்கினால் அங்கே சிவப்பு ஈயம் இருந்திருக்கிறது. அந்தப் பழுப்பு, காரீய டை ஆக்சைடு. கருவியில் பார்த்தால், இறங்கி முடிந்த வளைகோடு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் மறுபடி ஏறுவதிலேயே இது தெரிந்துவிடும்.

மற்ற உலோகங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். தாமிர கார்பனேட் என்று விற்கப்படும் பச்சைப் பொடி உண்மையில் காரக் கார்பனேட். கறுப்பு ஆக்சைடு, நீர், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் தரும். இரும்பு கார்பனேட் காற்றில் சுட்டால் செந்நிற ஆக்சைடு வரும், காற்றில்லாமல் சுட்டால் கறுப்புக் காந்த ஆக்சைடு வரும். அம்மோனியம் கார்பனேட் முழுவதும் வாயுவாகிவிடும், குழாயில் எதுவும் மிஞ்சாது. வெள்ளி கார்பனேட் ஆக்சைடோடு நிற்பதில்லை; ஆக்சைடும் உடைந்து வெள்ளியும் ஆக்சிஜனும் கிடைக்கும். வேதியியலாளர் ஷீலே 18-ஆம் நூற்றாண்டில் ஆக்சிஜனைப் பெற்ற வழிகளில் இதுவும் ஒன்று.

நீங்களே செய்து பார்க்க நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். காரீயத்தோடு வேண்டாம் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். நான் முன்னால் சொன்ன அந்த நடுங்கும் மேற்பரப்பை நினைத்துப் பாருங்கள்: வெளியேறும் வாயு நுண்துகள்களையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்கும், உடம்பில் எலும்புக்குள் போய்த் தங்கும். புகைக்கூண்டும் கையுறையும் கழிவைத் தனியாகச் சேர்க்கும் ஏற்பாடும் உள்ள ஆய்வகத்தில், பொறுப்பானவர் உடனிருக்க மட்டுமே இதைச் செய்யலாம். கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. நிறம் மாறுவதையும் வாயு வருவதையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், கல்லூரி ஆய்வகத்தில் துத்தநாக கார்பனேட்டைக் கேளுங்கள். அதுவும் 300 டிகிரி வாக்கில் சிதையும், நிறமும் சூட்டில் ஒன்று, ஆறினால் ஒன்று. சுண்ணாம்பு நீருக்குள் குழாயை விட்டிருந்தால், சுடரை அணைப்பதற்கு முன் குழாயை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறும் வாயு சுருங்கி, குளிர்ந்த நீரைச் சூடான கண்ணாடிக்குள் இழுத்து வெடிக்கச் செய்யும்.

ஆய்வகத்தில் காரீயத்தையே செய்ய நேர்ந்தால் பாத்திரம் பற்றி ஒரு சொல். கண்ணாடிக் குழாயில் அதிகம் சுட்டால் காரீய ஆக்சைடு கண்ணாடியோடு சேர்ந்து உருகிக் காரீய சிலிகேட்டாகும், அந்த மஞ்சள் கறை கழுவினால் போகாது. பிளாட்டினம் மூசையை எடுக்கவே எடுக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் வடிதாளிலிருந்து சுரண்டிய வீழ்படிவை அப்படியே பிளாட்டினத்தில் வைத்துச் சுட்டேன். தாளின் சில இழைகள் பொடியோடு வந்திருக்கின்றன. அவை கரியாகி, ஆக்சைடைக் காரீய உலோகமாக ஒடுக்கின. அந்த உலோகம் பிளாட்டினத்தோடு கலந்து உருகியது. உலையைத் திறந்தபோது மூசையின் அடியில் அம்மைத் தழும்பு போல மூன்று குழிகள், அவற்றில் ஒன்று அடிவரை ஓட்டையாகி இருந்தது. அதற்குப் பிறகு காரீயத்துக்கென்று அலுமினா மூசைகளைத் தனியே வைத்து, வெளிப்புறத்தில் குறியிட்டு, வேறு எந்த உப்புக்கும் அவற்றை எடுப்பதில்லை.